இரிடியம் நெக்ஸ்ட் ஏவுதல்கள்: தாமதங்களும் அனுமதிகளும்

இரிடியம் நெக்ஸ்ட் என்பது அமெரிக்காவின் இரிடியம் நிறுவனம் தன் பழைய தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கு மாற்றாக அமைத்த இரண்டாம் தலைமுறைச் செயற்கைக்கோள் தொகுதி ஆகும். 2017 ஜனவரி 14 முதல் 2019 ஜனவரி 11 வரை எட்டு ஏவுதல்களில் 75 செயற்கைக்கோள்கள் விண்ணில் செலுத்தப்பட்டன. எட்டு ஏவுதல்களும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ஏவூர்தியைக் கொண்டு, கலிபோர்னியா மாநிலத்தின் வான்டன்பர்க் விமானப்படைத் தளத்திலிருந்து நடைபெற்றன. அவற்றுள் நான்கில், முன்பு ஒருமுறை பறந்து திரும்பிய முதல் கட்டம் மீண்டும் பயன்படுத்தப்பட்டது.

முதல் ஏவுதல் 2015 ஆம் ஆண்டிலேயே நடந்திருக்க வேண்டும். அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. ஒரு கருவியின் குறை, ஒரு நாட்டு அரசின் மௌனம், ஒரு வெடிவிபத்து, ஓர் உரிமம், இறுதியாக மழையும் காற்றும் என்று தாமதத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. ஏவுதல் தேதி என்பது எவ்வாறு முடிவாகிறது, அதில் அரசு அனுமதியின் பங்கு எவ்வளவு என்பவற்றை அறிய இத்தொடரின் வரலாறு உதவுகிறது.

பழைய செயற்கைக்கோள்கள்

இரிடியம் திட்டம் மோட்டோரோலா நிறுவனத்தில் தோன்றியது. தொடக்கத் திட்டத்தில் 77 செயற்கைக்கோள்கள் இருந்தன. அணு எண் 77 கொண்ட தனிமத்தின் பெயர் இரிடியம் என்பதால் அப்பெயரே திட்டத்துக்கும் வைக்கப்பட்டது. பின்னர் 66 போதும் என்று கணக்கிடப்பட்டபோதும் பெயர் மாறவில்லை. இவை புவியிலிருந்து சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு சுற்றுப்பாதைத் தளங்களில், தளத்துக்குப் பதினொன்றாகச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் துருவங்களுக்கு அருகே கடந்து சுமார் 100 நிமிடங்களில் புவியை ஒருமுறை சுற்றி வரும். ஆகவே நடுக்கடல், பாலைவனம், துருவப் பகுதி என எந்த இடத்திலிருந்தும் இவற்றின் வழியே பேச முடியும்.

1998 நவம்பர் 1 அன்று சேவை தொடங்கியது. கைப்பேசிக் கோபுரங்கள் வேகமாகப் பரவிய காலம் அது. எதிர்பார்த்த வாடிக்கையாளர்கள் கிடைக்காததால் 1999 ஆகஸ்டில் நிறுவனம் திவாலானது. பல நூறு கோடி டாலர் செலவில் உருவான அமைப்பு சுமார் 2.5 கோடி டாலருக்கு வேறு முதலீட்டாளர்களிடம் கைமாறியது. கடலோடிகள், விமான நிறுவனங்கள், மீட்புப் பணியாளர்கள், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆகியோரை நம்பிப் புதிய நிறுவனம் மெல்ல நிமிர்ந்தது.

ஆனால் செயற்கைக்கோள்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. 1997 முதல் 2002 வரை ஏவப்பட்ட அவை ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் உழைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் 33, செயலிழந்திருந்த ரஷ்யாவின் கோஸ்மோஸ் 2251 உடன் சைபீரியாவுக்கு மேலே மோதிச் சிதறியது. உதிரியாக விண்ணில் இருந்தவற்றைக் கொண்டு இத்தகைய இழப்புகள் ஈடுசெய்யப்பட்டன. அந்த உதிரிகளும் தீர்ந்துவிட்டால் வலையில் ஓட்டை விழும். துயரழைப்பு விடுக்கும் ஒரு கப்பல், தலைக்கு மேல் செயற்கைக்கோள் இல்லாத சில நிமிடங்களில் சிக்கிக்கொள்ளலாம். எனவே புதிய தொகுதி உரிய காலத்தில் விண்ணுக்குச் செல்வது வணிகத்தோடு உயிர்ப் பாதுகாப்பும் சார்ந்த தேவையாக இருந்தது.

2010 ஒப்பந்தம்

2010 ஜூன் மாதம் இரிடியம் இரண்டு பெரிய ஒப்பந்தங்களைச் செய்தது. 81 செயற்கைக்கோள்களைக் கட்டும் பணி ஐரோப்பாவின் தாலஸ் அலேனியா ஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சென்றது. அவற்றை ஏவும் பணி 49.2 கோடி டாலருக்கு ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்குச் சென்றது. வணிக ஏவுதலுக்காக அதுவரை கையெழுத்தான ஒப்பந்தங்களில் இதுவே மிகப் பெரியது எனப்பட்டது. ஃபால்கன் 9 தன் முதல் பயணத்தை அதே ஜூன் மாதம் 4 ஆம் தேதிதான் முடித்திருந்தது. ஒரே ஒருமுறை பறந்த ஏவூர்தியின் மீது ஒரு நிறுவனம் தன் எதிர்காலத்தை வைத்தது.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைக்க விரும்பாத இரிடியம், 2011 இல் கோஸ்மோட்ராஸ் என்ற நிறுவனத்துடன் துணை ஒப்பந்தம் ஒன்றையும் செய்துகொண்டது. கோஸ்மோட்ராஸ் இயக்கிய தினெப்பர் ஏவூர்தி, சோவியத் காலத்து ஆர்-36எம் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை மாற்றியமைத்து உருவானது. அது நிலத்தடிக் குழியிலிருந்து பாயும். முதல் இரண்டு செயற்கைக்கோள்களைத் தினெப்பரில் அனுப்பிச் சோதித்துப் பார்த்துவிட்டு, எஞ்சியவற்றைப் பத்துப் பத்தாக ஃபால்கன் 9 இல் அனுப்புவது என்று திட்டமிடப்பட்டது.

வராத அனுமதி

முதல் தாமதம் செயற்கைக்கோளிலேயே நேர்ந்தது. கா அலைப்பட்டையில் இயங்கும் ஒரு பகுதியில் தொழில்நுட்பக் குறை தென்பட்டதால், 2015 இல் நடக்கவிருந்த முதல் ஏவுதல் 2016 க்குத் தள்ளிப்போனது. அந்தக் குறை சரிசெய்யப்பட்டது. செயற்கைக்கோள்கள் ஆயத்தமாயின. ஆனால் தினெப்பர் ஆயத்தமாகவில்லை.

தினெப்பர் ஓர் இராணுவ ஏவுகணையின் மறுவடிவம் என்பதால், ரஷ்யாவின் யாஸ்னி ஏவுதளத்திலிருந்து அது பறப்பதற்கு அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இசைவு வேண்டும். 2014 இல் கிரிமியா நிகழ்வுகளுக்குப் பின் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் இடையிலான உறவு முறிந்திருந்தது. தினெப்பரோ உக்ரைன் தொழிற்சாலையில் பிறந்தது. இரு நாடுகளின் கூட்டு முயற்சியால் இயங்கியது. 2015 மார்ச்சில் தென் கொரியாவின் செயற்கைக்கோள் ஒன்றை ஏற்றிச் சென்றதே தினெப்பரின் கடைசிப் பயணம். இரிடியத்துக்கான அனுமதி மறுக்கப்படவும் இல்லை, வழங்கப்படவும் இல்லை.

2016 பிப்ரவரியில் இரிடியம் காத்திருப்பதை நிறுத்திக்கொண்டது. தினெப்பருக்காகக் காத்திராமல் முதல் பத்துச் செயற்கைக்கோள்களையும் ஃபால்கன் 9 இலேயே அனுப்புவதாக அறிவித்தது. அமெரிக்காவின் நாசாவும் ஜெர்மனியின் புவி அறிவியல் ஆய்வு மையமும் இணைந்து உருவாக்கிய கிரேஸ் தொடர்ச்சித் திட்டத்தின் இரட்டைச் செயற்கைக்கோள்களும் இதேபோல் தினெப்பரை நம்பியிருந்தன. அவையும் வேறு ஏவூர்தி தேட வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் இந்த இரு தரப்பும் ஒரே ஃபால்கன் 9 இல் இடம் பகிர்ந்துகொண்டன.

அமெரிக்க உரிம முறை

அமெரிக்காவில் தனியார் ஏவுதலுக்கு உரிமம் தரும் முறை இத்தகைய குழப்பம் ஒன்றிலிருந்தே பிறந்தது. 1982 செப்டம்பர் 9 அன்று டெக்சாஸ் கடலோரத்து மாட்டகோர்டா தீவிலிருந்து கோனெஸ்டோகா 1 என்ற தனியார் ஏவூர்தி பறந்தது. அதை அனுப்பிய நிறுவனம் பல அரசுத் துறைகளின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. விண்ணுக்கு ஒரு பொருளை அனுப்புவது ஏற்றுமதியாகவே கருதப்பட்டு, ஆயுத ஏற்றுமதி விதிகளின்படி வெளியுறவுத் துறையின் அனுமதி தேவைப்பட்டது. எந்தத் துறை முடிவெடுக்க வேண்டும் என்பதே தெளிவாக இல்லை.

இந்நிலையை மாற்ற 1984 அக்டோபர் 30 அன்று வணிக விண்வெளி ஏவுதல் சட்டம் நிறைவேறியது. போக்குவரத்துத் துறை ஒன்றே உரிமம் வழங்கும் பொறுப்பை ஏற்றது. 1988 இல் செய்யப்பட்ட திருத்தம், விபத்தால் பிறருக்கு நேரும் இழப்புக்கு ஏவுபவர் காப்பீடு எடுக்க வேண்டும் என்றும், அதற்கு மேற்பட்ட பெரும் இழப்பில் அரசு பங்கேற்கும் என்றும் வகுத்தது. 1989 மார்ச் 29 அன்று உரிமம் பெற்ற முதல் ஏவுதல் நடந்தது. 1995 இல் இப்பொறுப்பு கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டது. எஃப்.ஏ.ஏ. என்று சுருக்கமாக வழங்கப்படும் இதுவே இன்றும் உரிமம் தருகிறது.

உரிம ஆய்வு ஐந்து பகுதிகளைக் கொண்டது.

கொள்கை ஆய்வு: ஏவுதல் நாட்டின் பாதுகாப்புக்கும் வெளியுறவுக்கும் ஊறு செய்யுமா என்று பார்ப்பது.

சுமை ஆய்வு: ஏவூர்தி எதைச் சுமந்து செல்கிறது என்று பார்ப்பது.

பாதுகாப்பு ஆய்வு: ஏவூர்தி வெடித்தால் சிதறல்கள் எங்கே விழும், எத்தனை பேருக்கு ஆபத்து என்று கணக்கிடுவது. பொதுமக்களில் எதிர்பார்க்கத்தக்க உயிரிழப்பும் கடுங்காயமும் பத்தாயிரம் ஏவுதலுக்கு ஒருவர் என்ற அளவைத் தாண்டக்கூடாது. தனி மனிதர் ஒருவருக்கான ஆபத்து பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது.

சுற்றுச்சூழல் ஆய்வு: நிலம், நீர், உயிரினங்கள், ஒலி ஆகியவற்றின் மீதான தாக்கத்தைப் பார்ப்பது.

நிதிப் பொறுப்பு ஆய்வு: நேரக்கூடிய இழப்பைக் கணித்துக் காப்பீட்டுத் தொகையை முடிவுசெய்வது.

முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் காலவரம்பு விதிக்கிறது. செயற்கைக்கோள் ஒழுங்காக வேலை செய்யுமா, வாடிக்கையாளருக்கு இலாபம் கிடைக்குமா என்பவை இந்த ஆய்வில் இடம்பெறுவதில்லை. உரிமம் காப்பது ஏவுதலில் பங்கு இல்லாத பொதுமக்களை. செயற்கைக்கோளைக் காப்பது அதன் உரிமையாளரின் கவலை.

எஃப்.ஏ.ஏ. உரிமம் மட்டும் போதாது. ஏவூர்தி தரையோடு பேசும் வானொலி அலைவரிசைக்குக் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதி தேவை. அப்போது ஏவுதளத்தை நடத்திய விமானப்படை அந்த நாளில் தளத்தை ஒதுக்கித் தர வேண்டியிருந்தது. விமானங்களும் கப்பல்களும் ஏவுபாதையிலிருந்து விலக்கப்பட வேண்டும்.

2016 செப்டம்பர் வெடிவிபத்து

இரிடியத்தின் முதல் ஏவுதல் 2016 செப்டம்பரில் நடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட நேரத்தில், செப்டம்பர் 1 காலை புளோரிடாவின் கேப் கனாவரலில் மற்றொரு ஃபால்கன் 9 வெடித்தது. இயந்திரச் சோதனைக்காக எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தபோது இது நேர்ந்தது. மேலே பொருத்தப்பட்டிருந்த இஸ்ரேலின் ஆமோஸ் 6 செயற்கைக்கோளும் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஃபால்கன் 9 ஏவுதல்கள் எல்லாம் நின்றன.

விசாரணையை ஸ்பேஸ்எக்ஸ் நடத்தியது. எஃப்.ஏ.ஏ., நாசா, அமெரிக்க விமானப்படை, தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆகியவை அதில் பங்கேற்றன. இரண்டாம் கட்டத்தின் திரவ ஆக்சிஜன் தொட்டிக்குள் ஹீலியம் வாயுவை அடைத்து வைக்கும் கலன்கள் இருக்கும். அவற்றின் உட்சுவர் அலுமினியம். வெளியே கரியிழைச் சுற்று. உட்சுவரில் ஏற்பட்ட மடிப்புகளில் மிகக் குளிர்ந்த ஆக்சிஜன் புகுந்து உறைந்து சிக்கிக்கொண்டு, உராய்வினால் தீப்பற்றியிருக்கக்கூடும் என்று 2017 ஜனவரி 2 அன்று ஸ்பேஸ்எக்ஸ் அறிவித்தது. கலன்களின் வடிவத்தை மாற்றுவது நீண்டகாலத் தீர்வு. அதற்கு முன் ஹீலியத்தைக் கூடுதல் வெப்பநிலையிலும் முன்பிருந்த முறையிலும் நிரப்புவதாக நிறுவனம் தெரிவித்தது.

விபத்தில் ஒரு செயற்கைக்கோள் அழிந்ததால் நடைமுறை ஒன்றும் மாறியது. இரிடியம் ஏவூர்தியின் இயந்திரச் சோதனை 2017 ஜனவரி 5 அன்று செயற்கைக்கோள்கள் இல்லாமலேயே நடந்தது. சோதனைக்குப் பின் ஏவூர்தி கொட்டகைக்குத் திரும்பி, அங்கே செயற்கைக்கோள்கள் பொருத்தப்பட்டு, மீண்டும் மேடைக்கு வந்தது. இதற்குக் கூடுதலாகச் சில நாள்கள் ஆயின. ஆனால் பத்துச் செயற்கைக்கோள்களை வைத்துக்கொண்டு தீயோடு விளையாடுவதைவிட அந்த நாள்கள் மலிவானவை.

2017 ஜனவரி

விபத்துக்குப் பின் 2016 டிசம்பர் 16 என்று ஒரு தேதி குறிக்கப்பட்டது. விசாரணை முடியாததால் அது ஜனவரிக்குச் சென்றது. உரிமம் கைக்கு வராத நிலையிலேயே செயற்கைக்கோள்களுக்கு எரிபொருள் நிரப்பப்பட்டு, அடுக்குக்கு ஐந்தாக இரண்டு அடுக்குகளில் அடுக்கப்பட்டு, மூக்குக் கூட்டுக்குள் மூடப்பட்டன.

ஜனவரி 6 அன்று எஃப்.ஏ.ஏ. விசாரணை அறிக்கையை ஏற்றுக்கொண்டு, விசாரணை முடிந்ததாக அறிவித்தது. அதே நாளில் உரிமமும் வந்தது. வான்டன்பர்க்கிலிருந்து பத்துப் பத்தாக இரிடியம் செயற்கைக்கோள்களைச் சுமந்து செல்லும் ஏழு ஏவுதல்களுக்கு அது பொருந்தியது. முதல் கட்டம் பசிபிக் கடலில் ஆளில்லாக் கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் இறங்குவதற்கான இசைவும் அதற்குள் அடங்கியிருந்தது.

காகிதத் தடை நீங்கியதும் வானிலை தடையானது. ஜனவரி 9 என்று குறித்த தேதி, மழையாலும் பலத்த காற்றாலும் கைவிடப்பட்டது. அந்த வாரத்தின் அடுத்த நாள்களில் ஏவுதளம் வேறு பணிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் ஜனவரி 14 தான் கிடைத்தது. இரிடியம் செயற்கைக்கோள்கள் குறிப்பிட்ட ஒரு சுற்றுப்பாதைத் தளத்துக்குச் சென்று சேர வேண்டியவை. புவியின் சுழற்சியால் ஏவுதளம் அத்தளத்துக்கு நேராக வரும் கணம் மட்டுமே பொருத்தமானது. முகூர்த்த நேரம் தவறினால் அன்றைய வாய்ப்பு போய்விடும். சிறிது நேரம் காத்திருந்து ஏவ முடியாது.

ஜனவரி 14 அன்று உள்ளூர் நேரம் காலை 9.54 க்கு, இந்திய நேரப்படி இரவு 11.24 க்கு, ஏவூர்தி கிளம்பியது. பத்துச் செயற்கைக்கோள்களும் ஒவ்வொன்றாகப் பிரிந்து சென்றன. முதல் கட்டம் திரும்பி வந்து கப்பலின் மேல் நின்றது. 2016 ஜனவரியில் இதே கடலில் நடந்த முயற்சியில் கால் ஒன்று மடங்கி ஏவூர்தி சாய்ந்து வெடித்திருந்தது. ஆகவே பசிபிக் கடலில் வெற்றிகரமாக நடந்த முதல் கப்பல் இறக்கம் இதுவே. வெடிவிபத்திலிருந்து இந்த ஏவுதல் வரை 135 நாள்கள் கடந்திருந்தன. கடைசி எட்டு நாள்கள் உரிமம் வந்த பிறகானவை.

மறுபயன்பாடும் கால அட்டவணையும்

அன்று கடலில் இறங்கிய முதல் கட்டம் 2017 ஜூன் 23 அன்று புளோரிடாவிலிருந்து பல்கேரியாசாட் 1 செயற்கைக்கோளைச் சுமந்து மீண்டும் பறந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 25 அன்று, வான்டன்பர்க்கில் இரண்டாவது இரிடியம் ஏவுதல் நடந்தது. மூன்றாவது அக்டோபர் 9 அன்று நடந்தது.

பறந்து திரும்பிய முதல் கட்டத்தைச் செயற்கைக்கோள் ஏவுதலில் முதன்முதலாக மீண்டும் பயன்படுத்தியது 2017 மார்ச் 30 அன்று எஸ்.இ.எஸ். 10 ஏவுதலில்தான். அதுவும் 2016 இல் நடக்கவேண்டியிருந்து, ஆமோஸ் 6 விபத்தால் தள்ளிப்போனதாகும். அது வெற்றி பெற்ற பின் 2017 அக்டோபரில் இரிடியமும் அடுத்த இரு ஏவுதல்களுக்குப் பறந்த முதல் கட்டங்களை ஏற்பதாக அறிவித்தது. கால அட்டவணையைக் காப்பாற்றுவதே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. புதிய முதல் கட்டம் தொழிற்சாலையிலிருந்து வரக் காத்திருக்க வேண்டும். திரும்பி வந்ததோ கையில் இருந்தது. காப்பீட்டாளர்களும் இதற்காகக் கட்டணத்தை உயர்த்தவில்லை.

2017 டிசம்பர் 22 அன்று நான்காவது ஏவுதல் நடந்தது. அதில் பயன்பட்ட முதல் கட்டம் ஜூன் மாதம் இரண்டாவது இரிடியம் ஏவுதலில் பறந்த அதே ஒன்று. ஐந்தாவதில் பயன்பட்டது மூன்றாவதில் பறந்தது. ஆறாவதும் எட்டாவதும் இவ்வாறே பழைய முதல் கட்டங்களைக் கொண்டு நடந்தன. ஏவூர்தி கட்டி முடியக் காத்திருப்பது குறையக் குறைய, ஏவுதளம், வானிலை, அனுமதி ஆகியவற்றுக்கான காத்திருப்பு கண்ணில் படத் தொடங்கியது.

பாதியில் நின்ற ஒளிபரப்பு

எதிர்பாராத ஒரு துறையிலிருந்தும் விதி குறுக்கிடலாம் என்பதை ஐந்தாவது ஏவுதல் காட்டியது. 2018 மார்ச் 30 அன்று ஏவூர்தி கிளம்பிச் சுமார் ஒன்பது நிமிடங்களில், இரண்டாம் கட்டத்திலிருந்து வந்த நேரடிக் காட்சி நிறுத்தப்பட்டது. தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகத்தின் கட்டுப்பாடு காரணம் என்று ஒளிபரப்பில் அறிவிக்கப்பட்டது. சுற்றுப்பாதையிலிருந்து புவியைப் படம்பிடிக்கும் தனியார் கருவிகளுக்கு அத்துறையின் தொலையுணர்வு உரிமம் வேண்டும் என்பது சட்டம். உளவுப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி, ஏவூர்தியில் பொருத்திய சிறு படக்கருவிக்கும் பொருந்தியது. அதில் புவியும் தெரிந்ததே காரணம். ஏவுதலுக்கு இதனால் தடங்கல் எதுவும் இல்லை. ஆயினும் பழைய விதிகள் புதிய தொழிலை எங்கே சந்திக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியாது என்பதற்கு இது சான்றாயிற்று.

நிறைவும் பயனும்

2018 மே 22 அன்று நடந்த ஆறாவது ஏவுதலில் ஐந்து இரிடியம் செயற்கைக்கோள்களும் கிரேஸ் இரட்டையும் ஒன்றாகச் சென்றன. தினெப்பருக்காகக் காத்திருந்த இரு தரப்பும் ஒரே நாளில் விண்ணை அடைந்தன. ஜூலை 25 அன்று ஏழாவதும், 2019 ஜனவரி 11 அன்று எட்டாவதும் நடந்தன. முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று நாள்கள் குறைவு. தொடங்குவதற்குத் தாமதமான அளவு காலத்துக்குள் முழுத் தொகுதியும் ஏவப்பட்டுவிட்டது.

புதிய செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் விமானங்கள் ஒலிபரப்பும் இருப்பிடக் குறிப்பை வாங்கும் கருவி ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. ஏரியான் நிறுவனம் இதை இயக்குகிறது. 2014 மார்ச் 8 அன்று மலேசியாவின் எம்.எச். 370 விமானம் காணாமற்போனபோது, கடலின் மேல் பறக்கும் விமானங்களைத் தரை ரேடாரால் தொடர முடியாத குறை உலகத்துக்குத் தெரிந்தது. 2019 முதல் அட்லாண்டிக் பெருங்கடலின் வடபகுதியில் விமானங்களைக் கண்காணிக்க இந்த அமைப்பு பயன்படலாயிற்று. கப்பல்களின் துயரழைப்பு அமைப்பில் இரிடியத்துக்கு 2018 மே மாதம் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஏற்பு கிடைத்தது; 2020 டிசம்பரில் சேவை தொடங்கியது.

பிற்கால மாற்றங்கள்

பழைய விதிகளில் ஒருமுறை மட்டும் பறக்கும் ஏவூர்திக்கு ஒரு பகுதியும், மறுபயன்பாட்டு ஏவூர்திக்கு வேறு பகுதியும், விண்ணிலிருந்து திரும்புதலுக்கு இன்னொரு பகுதியும் இருந்தன. ஒரே முதல் கட்டம் இன்று கலிபோர்னியாவிலும் ஆறு மாதத்தில் புளோரிடாவிலும் பறக்கும் காலத்துக்கு இவை பொருந்தவில்லை. 2018 மே 24 அன்று அமெரிக்க அதிபர் வெளியிட்ட விண்வெளிக் கொள்கை ஆணை விதிகளை எளிதாக்கச் சொன்னது. 2021 மார்ச் 10 முதல் நடைமுறைக்கு வந்த பகுதி 450 என்ற புதிய விதி, அவை அனைத்தையும் ஒன்றாக்கியது. ஒரே உரிமத்தின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட ஏவுதளங்களிலிருந்து பலமுறை ஏவவும் அது வழிசெய்தது.

விபத்துக்குப் பின் மீண்டும் பறக்க ஆகும் காலமும் குறைந்தது. 2024 ஜூலையில் ஸ்டார்லிங்க் ஏவுதல் ஒன்றில் ஃபால்கன் 9 இன் இரண்டாம் கட்டம் பழுதானது. பொதுமக்களுக்கு ஆபத்து இல்லை என்று முடிவுசெய்த எஃப்.ஏ.ஏ., முழு விசாரணை முடியுமுன்னரே ஜூலை 25 அன்று மீண்டும் பறக்க அனுமதித்தது. இரண்டே வாரத்தில் ஏவூர்தி பறந்தது. ஆகஸ்ட் 28 அன்று, 23 ஆவது முறையாகத் திரும்பிய முதல் கட்டம் ஒன்று கப்பலில் இறங்கியபோது கவிழ்ந்து எரிந்தது. விசாரணை கோரப்பட்டு, இரண்டே நாளில் மீண்டும் பறக்க இசைவு கிடைத்தது.

வேகம் கூடியதால் விதி தளர்ந்துவிடவில்லை. 2023 இல் நடந்த இரு ஏவுதல்களில், ஒப்புதல் பெறாத கட்டுப்பாட்டு அறையையும் எரிபொருள் சேமிப்பு வசதியையும் பயன்படுத்தியது உள்ளிட்ட மீறல்களுக்காக ஸ்பேஸ்எக்ஸ் மீது 6,33,009 டாலர் அபராதம் விதிக்க 2024 செப்டம்பரில் எஃப்.ஏ.ஏ. முன்மொழிந்தது. நிறுவனமோ தாமதமாகும் ஆய்வுகளே தன் பணிக்குத் தடை என்று எதிர்த்து வாதிட்டது.

மதிப்பீடு

இரிடியம் நெக்ஸ்ட் தொடரின் தாமதங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அமெரிக்க உரிமத்துக்காக மட்டும் காத்திருந்த காலம் மிகச் சிறியது. கருவிக் குறையும் வெடிவிபத்தும் பொறியியல் சார்ந்தவை. உரிமம் விசாரணையின் முடிவுக்காகக் காத்திருந்தது. விசாரணை முடிந்த சில நாள்களில் வந்தது. மழையும் காற்றும் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாதவை.

முழுதும் தோற்றுப்போனது தினெப்பர் வழி மட்டுமே. அங்கே விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எது குறை என்று சொல்லப்படாததால் எதைத் திருத்துவது என்றும் தெரியவில்லை. கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிவைத்து, பதிலுக்கு நாள் குறித்த முறை கடுமையானதாக இருந்தாலும் அதைக் கணக்கில் கொண்டு திட்டமிட முடிந்தது. 1982 இல் மாட்டகோர்டா தீவில் ஏவூர்தியை வைத்துக்கொண்டு துறை துறையாக அலைந்தவர்களின் அனுபவம் 1984 இல் சட்டமாகியது. அச்சட்டத்தின் பயனை 2017 ஜனவரியில் இரிடியம் பெற்றது.